தேய்ந்தது எந்தப் பக்கம்?

1

போன வாரம் என் கார் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போய் வந்தது. அதை வைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, காலுக்குக் களிம்பு தடவிவிட்டு வரும் வேலை. ஒரு நாளைக்கு எட்டு வீடு, சில நாள் பத்து. பஸ் கிடையாது. கார் ஓடாவிட்டால் வேலை இல்லை. சேரும்போதே அப்படித்தான் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

இங்கே கார் பரிசோதனையில் தேறினால் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் வாரன்ட். நான் வந்த நான்காம் வருடம் என் கார் தேறவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் அமல் அண்ணனுக்குப் போன் போட்டு, "வாரன்ட் குடுக்க மாட்டேன்னுட்டாங்கண்ணா" என்று அழுதேன்.

"குடுக்காட்டி நல்லதுதான புள்ள, அதுக்கு எதுக்கு அழுவற?" என்றான்.

அதைவிடப் பெரிய கூத்து மறுநாள் பட்டறையில் நடந்தது. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என் சி.வி. இரண்டும் போய்விட்டது என்றார். அந்த மாதம்தான் இரண்டு முதியோர் இல்லங்களுக்கு என் சி.வி.யை, அதாவது பயோடேட்டாவை, அனுப்பியிருந்தேன். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று குழம்பி, "எங்கே போனது? மறுபடி அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். அப்போது ஒன்பது வயதான என் மகன் நித்தின் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, அது காரோட பார்ட்" என்றான். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் தண்டின் முனையில் ஒரு உருண்டை மூட்டு இருக்கிறது. சக்கரம் திரும்பினாலும் சுற்றிக்கொண்டே இருப்பதற்காக. அதன் பெயர் சி.வி. ஜாயின்ட்.

அவமானத்தில் அதற்குப் பிறகு அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இரண்டு பக்கமும் முழு ஆக்சிலை மாற்றினார். அந்த வருடம் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த பணம் அதில் போய்விட்டது. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று கேட்கவில்லை. அடுத்த வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. எழுந்து நடமாடும் அப்பாவைப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு அந்த ஒரு வருடத்தோடு தவறிப்போனது.

2

அப்பாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்காக இந்த வருடம் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். நித்தின் வரவில்லை. பரீட்சை என்றான். பரீட்சை இருந்தது உண்மைதான், இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டான் என்பதும் உண்மைதான். பெரியம்மாக்கள், சித்தப்பாக்கள் நடுவில் தமிழில் பதில் சொல்லவேண்டியிருக்குமே என்ற பயம் அவனுக்கு. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து எல்லோரும் மாதா கோயில் மைதானத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் அவனுடைய பழைய வெள்ளைக் காரை மரத்தடியிலிருந்து எடுத்து, இடம் போதாமல் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினான். டக் டக் டக் டக் என்று முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. வேகம் கூடக்கூடச் சத்தமும் வேகமானது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அண்ணா, எத்தன நாளா இந்தச் சத்தம்?"

"அது கெடக்குது, ரெண்டு மாசமா. ஓடிக்கினுதான இருக்குது?"

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை தருமபுரி பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காகத்தான் அண்ணன் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். அங்கே பழகியதில், இந்தப் பக்கத்திலிருந்து வரும் இன்னும் மூன்று நோயாளிகளையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினான். அப்பா இறந்த பிறகும் அது நிற்கவில்லை. அவனுக்கு அதுதான் இப்போது பிழைப்பு. செவ்வாயும் வெள்ளியும் விடிகாலையில் சித்தேரி மலைக்கு ஏறி, சின்னத்தாயி என்கிற அம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்கி, வழியில் மற்ற இரண்டு பேரையும் ஏற்றி, எட்டு மணிக்குள் தருமபுரியில் விடவேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் அந்த நேரத்துக்கு மலை ஏற ஒப்புக்கொள்வதில்லை. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும்.

அந்த மலை வளைவுகளில் ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் ஒரு அடி நகர முடியாது. மூட்டு பாதி வழியில் உடைந்தால் எஞ்சின் ஓடும், சக்கரம் சுற்றாது. பின்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார், கீழே இரண்டு பேர் காத்திருப்பார்கள்.

"செவ்வாக்கெழம இந்த வண்டி மலையேறக் கூடாதுண்ணா" என்றேன்.

3

வீட்டுக்கு வந்ததும் சண்டையாகிவிட்டது. தொடங்கியது நான்தான். சாப்பாட்டு இலை எடுப்பதற்குள், "இந்த வண்டியத் தள்ளிவுட்டுட்டு வேற நல்ல வண்டி எடுத்துக்கண்ணா, நான் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். இங்கே நான் கவனித்துக்கொள்ளும் முதியவர்களின் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கினால் இப்படித்தான் பேசுவார்கள். அந்தக் கட்டிலை மாற்று, இந்த நாற்காலியைத் தூக்கிப் போடு. மாலையில் கிளம்பிப் போய்விடுவார்கள். அதைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"அப்பாவுக்கும் அப்பிடித்தான் பணம் அனுப்பிவுட்ட. நான் வேணாம்னு சொல்லல. ஆனா வாரத்துக்கு ரெண்டு வாட்டி அவர இந்த வண்டியிலதான் தூக்கி உக்கார வெச்சு கூட்டிக்கினு போனேன். இத எங்கன்னு தள்ளறது?"

அண்ணி அவன் தோளைத் தொட்டாள். அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் அவன் பின்னால் போனேன். "தப்பாச் சொல்லிட்டேன். வண்டி மாத்த வேணாம். ஆனா கெட்டுப்போனத மட்டும் மாத்தியே ஆவணும். அதுவும் செவ்வாக்கெழமக்குள்ள."

"பெரிய செலவு புள்ள. முன்னாடியே கேட்டுட்டேன். முழு ஆக்சில்தான் போடணுமாம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனி சர்வீசுல."

"கழட்டிப் பாத்துட்டா சொன்னாங்க?"

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். அவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான் என்று புரிந்தது. எனக்காவது பாஷை தெரியாத சாக்கு இருந்தது. ஆனால் குளிரூட்டிய அறையில் டை கட்டியவரிடம் எதிர்க் கேள்வி கேட்பதற்குச் சொந்த பாஷையிலும் ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது.

4

வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பட்டறை சாதிக் பாயுடையது. அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அன்று மதியமே காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

"பாய், ரெண்டு பக்கமும் கழட்டி எனக்குக் காட்டணும். காட்டினதுக்கு அப்புறம் என்ன போடறதுன்னு பேசலாம்" என்றேன்.

"காட்டறங்க. கை அழுக்காவும், பரவால்லியா?"

இடது சக்கரத்தைக் கழற்றினார். மூட்டின் மேல் ஒரு ரப்பர் உறை, விசிறி மடிப்பு மாதிரி. அது பாதிச் சுற்றளவுக்குக் கிழிந்திருந்தது. உள்ளே இருக்கவேண்டிய கிரீஸ் ஒரு துளி இல்லை, செம்மண்தான் இருந்தது. தண்டை உருவி, மூட்டைப் பிரித்து, டீசலில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். இரும்புக் குண்டுகள் ஓடும் பள்ளங்களில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டியது. சின்னச் சின்னக் குழிகள்.

"இது முடிஞ்சுதுங்க. இனி கிரீஸ் அடைச்சாலும் ஆவாது."

வலது பக்கம் உறையில் கீறல்தான். கிரீஸ் கறுத்திருந்தாலும் ஈரமாக இருந்தது. கழுவிய பிறகு பள்ளங்கள் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன.

"இது நல்லாருக்குது. புது உறை, புது கிரீஸ், ஒரு கிளிப்பு. இன்னும் ரொம்ப நாளு வரும்."

"தண்டு?"

"ரெண்டு தண்டுமே சூப்பர். உள்பக்க ஜாயின்ட்டும் நல்லாருக்குது. ஒரே ஒரு வெளி ஜாயின்ட்டுக்கு எதுக்குங்க முழுசா மாத்தணும்?"

ஏழு வருடத்துக்கு முன்னால் நான் தூக்கிப் போட்ட இரண்டு ஆக்சில்களில் எது எப்படி இருந்ததோ.

அண்ணன் இன்னொரு யோசனை வைத்திருந்தான். "லெஃப்ட்ட ரைட்டுக்கும், ரைட்ட லெஃப்ட்டுக்கும் மாத்திப் போட்டா தேயாத பக்கத்துல குண்டு ஓடும். சத்தம் நின்னுடும்ல பாய்?"

"நிக்கும். செல பேரு போட்டுக்கினு ஓட்டறாங்க. எத்தன நாளைக்குன்னு மட்டும் என்னக் கேக்காத அமலு. ஆறு மாசமும் ஓடும், ஆறு நாளுலயும் போவும்."

"பழைய வண்டி ஒடைக்கற எடத்துல ஒண்ணு பாத்தா?"

"அது யாரு எவ்ளோ ஓட்டுனதுன்னு தெரியாது. டவுனுக்குள்ள ஓட்டற வண்டின்னா நானே வாங்கிக் குடுப்பேன். நீ மல ஏத்தற."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"புது ஜாயின்ட்டு ஒண்ணு. ரெண்டு உறை. சரியா?" என்றேன்.

"சரி. ஆனா நான் வாங்கிக்கறேன். நீ குடுக்க வேணாம்."

"நீயே குடு. ஆனா நான் போயி வாங்கியாறேன். நீ கூட வராத, பேசிப் பேசி வெல கொறைக்கறேன்னு டூப்ளிகேட்ட வாங்கிடுவ."

சாதிக் பாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

5

திங்கட்கிழமை காலை பழைய ஜாயின்ட்டைச் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, சேலம் பஸ் ஏறினேன். மஞ்சவாடி கணவாய் தாண்டுவதற்குள் கழுவிய டீசல் கசிந்து சுடிதாரில் ஒரு பெரிய கறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கறியாம்மா?" என்று கேட்டார். கார் சாமான் என்றதும் நகர்ந்து உட்கார்ந்தார்.

உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. முதல் கடையில் முழு ஆக்சில்தான் என்றார்கள். எடுத்துக் காட்டியதில் பெட்டி இல்லை, பெயர் இல்லை, எண் இல்லை. நகர்ந்தேன்.

இரண்டாவது கடைக்காரர் நான் பையைப் பிரிப்பதற்குள், "வூட்டுக்காரர் வரலீங்களா?" என்றார். வண்டியின் பெயரைச் சொன்னதும் ஒரு ஜாயின்ட்டை எடுத்து வைத்தார். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. தண்டு நுழையும் துளைக்குள் பல் பல்லாக வெட்டியிருக்கும் என்று சாதிக் பாய் காட்டியிருந்தார். ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து எண்ணத் தொடங்கினேன்.

"எண்றதெல்லாம் வேணாம் மேடம். இந்த வண்டிக்கு இதுதான்."

"ஒரு நிமிசங்க."

பழையதில் இருபத்து மூன்று. அவர் கொடுத்ததில் இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன். அதேதான். இதை வாங்கிக்கொண்டு போயிருந்தால் சாயங்காலம் பட்டறையில் நின்று விழித்திருப்போம். கறை படிந்த சுடிதாரோடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், அந்த வெயிலில் நின்றபோது ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாளைக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டேன். பல் கணக்கைச் சொன்னேன்.

"அது பழைய மாடலுக்கு வர்றது. நடுவுல கம்பெனிக்காரன் மாத்திட்டான். நம்முளுது மாத்துனதுக்கு அப்புறம் வந்த வண்டி. சேசிஸ் நம்பர் சொன்னாத்தான் சரியாக் குடுப்பாங்க. எழுதிக்க."

"ஆர்.சி. புக்கு எடுத்துக்கினு வந்து சொல்றியா?"

"கையிலதான் வெச்சிருக்கறேன்."

காலையிலிருந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு என் போனுக்காக உட்கார்ந்திருக்கிறான். அந்த நீளமான எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன். "சாப்புட்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது கடையில் கல்லாவில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். நான் எண்ணைக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, நான் கேட்பதற்கு முன்பே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு கருவியால் அளந்தாள். "எண்ணிக்கோங்க" என்று என் பக்கம் தள்ளினாள். இருபத்து மூன்று. உறை, கிரீஸ் பாக்கெட், கிளிப் எல்லாம் பெட்டியிலேயே இருந்தன. வலது பக்கத்துக்குத் தனி உறையும் கொடுத்தாள்.

"ஆறு மாசத்துக்குள்ள எதுனா ஆச்சுன்னா பில்லோட கொண்டாங்க. மாத்தித் தரேன்."

முழு ஆக்சிலுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எதிர் ஓட்டலில் இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான்கு மணிக்கு சாதிக் பாய் புது ஜாயின்ட்டைப் பூட்டத் தொடங்கினார். கடைசி நட்டை இறுக்கிவிட்டு, பட்டறை முன்னால் காலி இடத்தில் அண்ணன் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து இடது பக்கம் நான்கு சுற்று, வலது பக்கம் நான்கு சுற்று சுற்றினான். நானும் சாதிக் பாயும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

6

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். என் இந்திய லைசென்ஸ் காலாவதியாகி வருடங்கள் ஆகின்றன. புதுப்பிக்கப் போனால் இந்தியாவில் குடியிருப்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். அதனால் பக்கத்து சீட்டுதான்.

சித்தேரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மூன்றாவது வளைவில் அண்ணன், "போதும் புள்ள, மூச்சு வுடு" என்றான்.

மலை இறங்கி மற்ற இரண்டு பேரும் ஏறிய பிறகு, பின்சீட்டில் இருந்த சின்னத்தாயி அம்மா என் சீட்டைத் தட்டினார். "இதுதான் உங்கப்பா எடம் கண்ணு. தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லிப்புடுவாங்கல்ல எங்களுக்கு. உங்கண்ணன் பிளாஸ்குல ஐஸ் கட்டி கொண்டாருவாரு. ஆளுக்கு ஒண்ணு. யாருது தருமபுரி வரைக்கும் கரையாம இருக்குதுன்னு பந்தயம். உங்கப்பாதான் எப்பவும் ஜெயிப்பாரு. வாயத் தொறந்து காட்டுவாரு, இத்தினியூண்டு இருக்கும். அப்பறம்தான் தெரிஞ்சுது, ரெண்டு கட்டி எடுத்து ஒண்ண கன்னத்துல ஒளிச்சு வெச்சிருக்கறாருன்னு."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சிரித்தான். என் வேலையில் நானும் நோயாளிகளுக்கு ஐஸ் கட்டி கொடுக்கிறேன். எத்தனையோ பேர் வாயில் வைத்திருக்கிறேன். அப்பா அதில் களவாணித்தனம் செய்வார் என்பது இந்தக் காரில் வந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

7

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. காலை ஆறரைக்கு முதல் வீடு, மாலை நான்கரைக்குக் கடைசி வீடு. நடுவில் காரில் உட்கார்ந்து தயிர்சாதம்.

போன வாரப் பரிசோதனையில் என் காரின் வலது பக்க உறையில் வெடிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் முழு ஆக்சிலுக்கு விலை சொன்னார். "காட்டுங்கள்" என்றேன். என்ன என்றார். என் ஆங்கிலம் அப்போதும் தடுமாறத்தான் செய்தது. இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். எந்தப் பக்கம், மூட்டா உறையா, கிரீஸ் ஈரமாக இருக்கிறதா, திருப்பும்போது சத்தம் வருகிறதா. அவர் காரைத் தூக்கி, விளக்கு அடித்துக் காட்டினார். உறை மட்டும்தான். உறையை மட்டும் மாற்றச் சொன்னேன், மாற்றினார். என்னோடு வந்திருந்த நித்தின் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில், "மாமா கார்லயும் இதுதானா?" என்று தமிழில் கேட்டான். சொன்னேன். வழி முழுக்கச் சொன்னேன்.

நேற்று சனிக்கிழமை. துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான்.

"நேத்து நம்ம வண்டிய எடுக்கல புள்ள."

"ஏண்ணா, அந்த ஜாயின்ட்டா?"

"இல்ல, அது கல்லு மாதிரி இருக்குது. வியாழக்கெழம சாயங்காலம் பின்னாடி சக்கரத்துல ஒரு ஊளச் சத்தம். பேரிங்குன்னு நெனச்சேன். மலையேத்த மனசு வரல. அரூர்ல ஒருத்தன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வண்டி வாங்கி நானே ஓட்டிக்கினு போயி வுட்டுட்டு வந்தேன். கையில காசு ஒண்ணும் நிக்கல. லீவுன்னாலும் மதியம் தொழுவ முடிஞ்சு பாய் வந்து கழட்டிப் பாத்தாரு. பேரிங்குதான். ஒரு பக்கந்தான் போயிருந்துது, அத மட்டும் மாத்தியாச்சு."

"சின்னத்தாயம்மா எப்பிடி இருக்காங்க?"

"நல்லாருக்குது. சரி, சொல்லணும்னு தோணுச்சு. வெச்சிடறேன்."

இந்த முறை அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்ன செய்யலாம் என்றோ, செலவாகிறதே என்றோ. முடித்துவிட்டுத் தகவல் சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்தான். போனை வைத்துவிட்டு மிச்சத் துணியைக் கொடியில் போட்டேன். நல்ல வெயில் இருந்தது.